வட்டாரத்து நாயகரை எழுதுவது எப்படி? நடுகல் சொல்லித் தரும் ஆறு படிகள்

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு நூற்றாண்டு விழா என்றாலும், ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்றாலும் மலர் ஒன்று கட்டாயம் வரும். "நம்ம ஊருக்கு உழைச்ச அந்தப் பெரியவரைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க" என்று யாராவது ஒருவர் தலையில் அந்த வேலையைக் கட்டுவார்கள். எழுதுபவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியராகவோ, கொஞ்சம் தமிழ் எழுத வரும் பேரப்பிள்ளையாகவோ இருப்பார். முடித்த பிறகு எடுத்துப் பார்த்தால் 'சேவைச் செம்மல்', 'கொடை வள்ளல்', 'தன்னலமற்ற தொண்டர்' என்று பட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த மனிதர் என்னதான் செய்தார் என்பது மட்டும் இருக்காது. பெயரை அழித்துவிட்டு இன்னொரு பெயரைப் போட்டாலும் கட்டுரை அப்படியே பொருந்தும்.

அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாரை நாயகர் என்று சொல்லலாம், அதற்கு என்ன ஆதாரம் தேடுவது, தேடியதை எப்படி எழுதுவது என்பதுதான் விஷயம். குடும்ப மலருக்கு, பள்ளிக் கட்டுரைக்கு, வாசகர் வட்டத்தில் படிக்கும் கட்டுரைக்கு எல்லாம் இது உதவும்.

முறையை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. போரில் விழுந்தவருக்குக் கல் நடும் வழக்கத்தைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் ஆறு கட்டமாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். அதாவது கல்லைத் தேடிக் காண்பது, நாள் பார்த்து எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காதைகளுக்கே இந்தப் பெயர்களை வைத்தார். செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, கனக விசயர் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தான். அந்தக் கல் யாருக்கு? கையில் வாளே எடுக்காத, வணிகர் வீட்டுப் பெண்ணான கண்ணகிக்கு. வீரர்களுக்கு என்று இருந்த சடங்கை ஒரு குடும்பப் பெண்ணுக்குக் கொடுத்த காப்பியம் நம் கையில் இருக்கும்போது, நாயகர் என்றால் மீசையும் வாளும் இருக்க வேண்டும் என்று நாம் நினைக்க வேண்டியதில்லை.

முதல் படி: காட்சி. ஆளைத் தேர்ந்தெடுப்பது

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

காப்பியத்துக்குத் 'தன்னேர் இல்லாத் தலைவன்' வேண்டும் என்கிறது தண்டியலங்காரம். காப்பியத்துக்கு அது சரி. கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒருவரைப் பற்றி எழுத அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் பொய்தான் எழுத வரும். அவருக்கு நிகரானவர்கள் அதே பட்டறையில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். அவர் நாயகர் ஆவது நிகர் இல்லாததால் அல்ல, ஒரு சமயத்தில் மற்றவர்கள் செய்யாத ஒன்றைச் செய்ததால்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் பெருமிதம் என்ற உணர்வுக்கு நான்கு காரணம் சொல்கிறது: கல்வி, தறுகண், புகழ்மை, கொடை. தறுகண் என்ற அஞ்சாமைக்கு இதில் நான்கில் ஓர் இடம்தான். படிப்புக்கும் கொடுப்பதற்கும் அதே அளவு மரியாதை. புகழ்மையையும் உரைகாரர்கள் ஊரெல்லாம் பெயர் தெரிவது என்று சொல்வதில்லை. எவ்வளவு லாபம் வந்தாலும் பழியோடு வரும் செயலைச் செய்யாமல் இருப்பது என்று விளக்குவார்கள். உங்கள் ஆள் இந்த நான்கில் எந்த வாசல் வழியாக வருகிறார் என்று முதலில் பாருங்கள். நான்கிலும் வருகிறார் என்று குடும்பத்தார் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

அடுத்து, மூன்று கேள்விகள். நான் பயன்படுத்துவது இவைதான்.

யாருக்காகச் செய்தார்? புறநானூறு 182-இல் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, இந்த உலகம் இன்னும் இருக்கிறதே, ஏன் என்று கேட்டு ஒரு பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில் 'தமக்கென முயலா நோன்தாள், பிறர்க்கென முயலுநர் உண்மையானே' என்று முடிக்கிறார். தமக்காக இல்லாமல் பிறருக்காக முயல்கிறவர்கள் இருப்பதால்தான் உலகம் இருக்கிறதாம். இந்தக் கேள்வியை வைத்தால் சாதனையாளர் வேறு, நாயகர் வேறு என்று பிரிந்துவிடும். 1997 மே 23 அன்று மகேந்திரனும் மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். அங்கே கால் வைத்த முதல் மலேசியர்கள் அவர்கள்தான். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஓட்டக்காரர் ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். இவர்களைப் பாராட்டாமல் யாரைப் பாராட்டுவது? ஆனாலும் அது சாதனை. சாதனைக் கட்டுரைக்கு வேறு அச்சு வேண்டும், அதையும் இதையும் கலந்தால் இரண்டும் கெடும். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும்.

என்ன இழந்தார், அல்லது எதை இழக்கத் துணிந்தார்? கொடுத்தது எவ்வளவு என்பதைவிட, கொடுத்த பின் கையில் என்ன மிஞ்சியது என்று பாருங்கள். 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. பால் மரம் வெட்டியவர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர் தோட்டம் தோட்டமாகப் போய், 100 வெள்ளிப் பங்கைத் தவணையில் கட்டச் சொல்லித் தொழிலாளர்களைச் சேர்த்தார். அவர் பெயரில் பிரிக்ஃபீல்ட்ஸில் சாலையே இருக்கிறது. ஆனால் அன்றாடச் சம்பளத்தில் பிள்ளைக்குப் பால் மாவு வாங்குவதா, தவணை கட்டுவதா என்று யோசித்துத் தவணை கட்டிய ஒரு பாட்டி உங்கள் குடும்பத்திலேயே இருக்கக்கூடும். அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. பெரிய பெயர் ஒன்று வரும் இடத்திலெல்லாம் அதன் பின்னால் நின்றவர்களையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: ஒதுங்கிப் போக வழி இருந்ததா? ஜானகி ஆதி நாகப்பன் கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண். 1943-இல் சுபாஷ் சந்திர போஸின் பேச்சைக் கேட்டு, பதினெட்டு வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். காதில் கிடந்த தோடுகளைக் கழற்றிக் கொடுத்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, முகாமில் போட்ட சாப்பாட்டைப் பார்த்து முதல் நாள் அவர் அழுதார் என்பது. அழுதவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. படைத் தலைவி கேப்டன் லட்சுமிக்கு அடுத்த நிலை வரை உயர்ந்து, பர்மா வரை போனார். 2000-இல் அவருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது.

இந்த மூன்றாவது கேள்வி கொஞ்சம் கடுமையான இடத்துக்கும் கொண்டுபோகும். 1942-43-இல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாய் அங்கே செத்தார்கள். அவர்களுக்கு ஒதுங்கிப் போக வழியே இல்லை. அவர்கள் பட்டது கொடுமை. அதை வீரம் என்று பூசி எழுதினால், கொடுமை செய்தவர்களின் கணக்கு சிறிதாகிவிடும். அதே முகாமில் காலரா வந்தவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தவன் ஒருவன் இருந்திருந்தால், அவனுக்கு எழுந்து போக வழி இருந்தது. நாயகன் அவன்தான்.

வென்றவரைத்தான் தேட வேண்டும் என்பதும் இல்லை. வெண்ணிப் போரில் கரிகாலன் ஜெயித்தான். தோற்ற சேரன் பெருஞ்சேரலாதன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் விட்டான். வெண்ணிக் குயத்தியார் என்ற புலவர் ஜெயித்தவனின் முகத்துக்கு நேரே 'நின்னினும் நல்லன் அன்றே' என்று பாடினார். உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று. புறநானூற்றில் 66-ஆம் பாட்டு. மலர்க் குழுவில் தலைவர் பெயரைத்தான் முதலில் போட வேண்டும் என்று யாராவது அடம் பிடித்தால் இதைக் காட்டலாம்.

இரண்டாம் படி: கால்கோள். தகவல் சேர்ப்பது

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். செந்தூல் பக்கம் ஆற்றோரக் கம்பத்தில் (குடியிருப்பில்) இருந்த ஒரு பாட்டி, 1971 ஜனவரி வெள்ளத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்று பேரன் சொல்கிறார். பாட்டி இப்போது இல்லை. கற்பனைப் பாட்டிதான், ஆனால் வெள்ளம் நிஜம். கிள்ளான், கோம்பாக், பத்து ஆறுகள் பெருகி நகரமே மூழ்கிய வெள்ளம் அது.

முதலில் ஆட்களிடம் போங்கள், அப்புறம் காகிதத்துக்குப் போகலாம். காகிதம் காத்திருக்கும், எண்பது வயதுக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். காலையில் போய் "பசியாறிட்டீங்களா ஐயா?" என்று கேட்டு, அவரோடு உட்கார்ந்து ஒரு தே தாரிக் குடித்துவிட்டுத் தொடங்குங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுற்றி மருமகள், மகன் என்று நான்கு பேர் இருந்தால் அவர்களே பதில் சொல்வார்கள். தனியாகப் பேச ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி கேட்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "பாட்டி எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவங்க, தைரியசாலி" என்றுதான் பதில் வரும். வேறு என்ன வரும்? செயலையும் பொருளையும் பற்றிக் கேளுங்கள். "தண்ணி எந்தப் பக்கமிருந்து வந்தது?" "அப்ப வீட்டில யார் யார் இருந்தாங்க?" "பாட்டி கையில் என்ன இருந்தது?" "எதை எடுத்தாங்க, எதை விட்டாங்க?" தோட்டத்துக் கதை என்றால் "பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) முன்னாடியா, பால் எடுத்து ஸ்டோருக்கு வந்த பிறகா?" என்று கேட்டாலே நேரம் துல்லியமாகக் கிடைத்துவிடும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து எவ்வளவு தூரம், கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீடு மேட்டிலா பள்ளத்திலா என்று ஒரு காகிதத்தில் படம் போடச் சொல்லுங்கள். பேசத் தயங்குகிறவர்கள்கூடப் படம் போடும்போது கதை கதையாகச் சொல்வார்கள்.

பெண்களைப் பற்றிக் கேட்கும்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரி காரியத்தை ஆண் செய்திருந்தால் "போராடினார்" என்றும், பெண் செய்திருந்தால் "பாவம், ரொம்ப கஷ்டப்பட்டாங்க" என்றும் நம் வீடுகளில் சொல்வது வழக்கம். "கஷ்டப்பட்டாங்க" என்று காதில் விழுந்தவுடன் அங்கேயே நிறுத்தி, என்ன கஷ்டம், யாரை எதிர்த்து, யாருக்காக என்று தோண்டுங்கள். பல நாயகிகள் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் மறைந்து கிடக்கிறார்கள்.

காகிதங்களுக்கு வருவோம். நம்மவர்கள் சட்டென்று நினைக்காத ஒரு நல்ல ஆதாரம், நாளிதழில் வரும் கண்ணீர் அஞ்சலி விளம்பரம். பிறந்த தேதி, இறந்த தேதி, பிள்ளைகள், மருமக்கள், வாழ்ந்த ஊர் எல்லாம் அதிலேயே இருக்கும். கருமாதி அழைப்பிதழை எந்தக் குடும்பமும் தூக்கிப் போட்டிருக்காது. பழைய கோயில் மலர்களில் நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழ் நம் ஊர்ச் செய்திகளுக்குப் பெரிய களஞ்சியம். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களைத் தேடலாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. தமிழ் முரசும் அதில் உண்டு. தேசிய ஆவணக் காப்பகம், எல்லோரும் இன்னும் ஜாலான் டூத்தா என்றே சொல்லும் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் இருக்கிறது. எங்கே போனாலும் ஆண்டையும் மாதத்தையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். "பழைய பேப்பர் பார்க்கணும்" என்று போனால் நாள்தான் வீணாகும்.

மூன்றாம் படி: நீர்ப்படை. கழுவிப் பார்ப்பது

கேட்ட கதையை அப்படியே நட முடியாது. பேரன் "ஐந்து பிள்ளைகள்" என்று சொல்லியிருப்பார், அன்று பக்கத்து வீட்டில் பிள்ளையாக இருந்த ஒருவரைத் தேடிப் பிடித்தால் "நாங்க மூணு பேர்தான்" என்பார். மூன்று என்றே எழுதுங்கள். மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றியது ஐந்தைவிடக் குறைந்த வீரம் ஒன்றும் இல்லை.

தேதிகளை ஊரறிந்த நிகழ்ச்சிகளோடு சேர்த்துப் பாருங்கள். ஜப்பான்காரன் வந்தது 1941 டிசம்பர், போனது 1945. அவசரகாலம் 1948-இல் தொடங்கியது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், 1957. கலவரம் 1969 மே. "ஜப்பான்காரன் காலத்துல எனக்குக் கல்யாணம்" என்று சொல்பவருக்கு அடையாளக் கார்டில் 1938 என்று பிறந்த ஆண்டு இருந்தால் ஒன்று கதை தவறு, அல்லது கார்டு தவறு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கார்டு தவறாக இருப்பதும் சகஜம்தான்.

'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்' என்பது வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கச் சொன்ன குறள். நாயகருக்கும் அது பொருந்தும். பாட்டிக்கு நாக்கு நீளம், அந்தப் பக்கத்து வீட்டோடு அதற்கு முந்தைய தீபாவளியிலிருந்து பேச்சுவார்த்தையே கிடையாது என்று தெரியவந்தால் குடும்பம் அதை மறைக்கச் சொல்லும். கெஞ்சியாவது அனுமதி வாங்குங்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கியது என்றால் கதையே வேறு உயரத்துக்குப் போகிறது. 'பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு' என்று படைச் செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது இதைத்தான். பகைவருக்குத் துன்பம் வந்தபோது உதவுவதுதான் வீரத்தின் கூர்மை.

கதையைக் கழுவாமல் பூச்சு ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை வீரன் இருக்கிறார். மலேசியத் தோட்டங்களில் அவருக்குக் கோயில் இல்லாத இடம் குறைவு. அரச தண்டனையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர், பின்னால் சாமியானார். ஆனால் கதைப்பாடலில் அவர் அரண்மனையில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, அருந்ததியர் குடும்பத்தில் வளர்ந்ததாக வருகிறது. அந்த அரண்மனைப் பிறப்பு பின்னால் ஒட்டியது என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். எளிய குடியில் பிறந்தவன் அவ்வளவு பெரிய வீரனாக இருக்க முடியாது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நம் மலர்களிலும் இது நடக்கிறது: கங்காணியின் கீழ் வேலை செய்தவரின் அப்பாவை "ஊரில் பெரிய நிலக்கிழார்" ஆக்கிவிடுவார்கள். ஆதாரம் இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், ஊர் இரண்டாகப் பிரிந்து பேசும் ஆட்கள். எஸ். ஏ. கணபதி மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரு சாரார் அவரைத் தியாகி என்பார்கள், இன்னொரு சாரார் கம்யூனிஸ்ட் என்று ஒதுக்குவார்கள். சிறை இருந்த இடத்தில் இப்போது பேரங்காடி நிற்கிறது. இப்படிப்பட்டவரைப் பற்றி எழுதும்போது குற்றச்சாட்டு என்ன, எந்தச் சட்டத்தின் கீழ், என்ன தண்டனை, எந்த நாள் என்பதை முதலில் நேராக எழுதுங்கள். அதற்கு முன் அவர் தொழிலாளர்களுக்காக என்ன செய்தார் என்பதையும் அதே நேர்மையோடு எழுதுங்கள். இரண்டில் ஒன்றை மறைத்தால் அடுத்த தலைமுறை கண்டுபிடித்துவிடும், அப்புறம் நீங்கள் எழுதிய உண்மையையும் நம்பாது.

நான்காம் படி: நடுதல். எழுதுவது

நடுகல் எழுத்தைப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்கும் தனியாகக் கல்வெட்டு உண்டு. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பது செய்தி. அவ்வளவுதான். 'நன்றியுள்ள', 'வீரமிக்க' என்று எதுவும் இல்லை. பெயர் இருக்கிறது, எத்தனை கள்ளர் என்ற கணக்கு இருக்கிறது, கடித்தது இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷம் தாண்டியும் அந்த நாயை நமக்குத் தெரிகிறது. எத்தனையோ செம்மல்களை முப்பது வருஷத்தில் மறந்துவிட்டோம்.

பெரும்பாலான நடுகற்களில் வரும் தகவலே போதுமான எலும்புக்கூடு: எந்த ஆட்சி ஆண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், என்ன நடந்தபோது, என்ன செய்து விழுந்தான். உங்கள் கட்டுரையின் முதல் பத்தியில் இந்த ஐந்தும் வந்துவிட வேண்டும். பிறந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் இரண்டாம் பத்திக்குத் தள்ளுங்கள்.

செந்தூல் பாட்டியைப் பழைய பாணியில் எழுதினால் இப்படி இருக்கும்: "அஞ்சா நெஞ்சமும் தாயுள்ளமும் ஒருங்கே கொண்ட எங்கள் பாட்டி, தன் உயிரைத் துச்சமென மதித்து, வெள்ளத்தில் தத்தளித்த குழந்தைகளைக் காத்த வீரத் தாயாவார்."

இப்படியும் எழுதலாம்: "1971 ஜனவரி. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது பாட்டி தையல் மெஷினை மேட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். அதில்தான் குடும்பம் ஓடியது. பாதி தூரம் போனபோது பக்கத்து வீட்டில் பிள்ளை அழும் சத்தம். அந்த வீட்டோடு அவருக்குப் பேச்சு இல்லை. மெஷினை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். உள்ளே மூன்று பிள்ளைகள், பெரியவனுக்கு ஏழு வயது. தாய் தகப்பன் வேலைக்குப் போயிருந்தார்கள். அலமாரி மேல் இரண்டு பேரை ஏற்றி, கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, இருட்டும் வரை இடுப்பளவு தண்ணீரில் நின்றார். மெஷின் சேற்றோடு போனது. அடுத்த சில வருஷம் பங்சாரில் வீட்டு வேலைக்குப் போனார்."

இரண்டாவதில் 'வீரம்' என்ற சொல் எங்கும் இல்லை. படிப்பவர் தானே சொல்லிக்கொள்வார். மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறதா பாருங்கள்: யாருக்காக, எதை இழந்து, ஒதுங்கிப் போக வழி இருந்தும். முதல் வரைவை முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துப் பண்பைச் சொல்லும் சொற்களையெல்லாம் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரு செயலையோ பொருளையோ வையுங்கள். வைக்க எதுவும் கிடைக்கவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் இன்னும் ஒரு தடவை விசாரிக்க வேண்டும்.

பயத்தையும் விட்டுவிடாதீர்கள். பாட்டிக்கு நீச்சல் தெரியாது என்று தெரிந்தால் அது கட்டாயம் வர வேண்டும். அச்சமே இல்லாதவர் என்று எழுதினால் படிக்கும் பிள்ளைக்கு அவர் வேறு ஜாதி மனிதராகிவிடுகிறார்.

பெயர் தெரியாதவர்களுக்கும் ஒரு வரி வையுங்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் முன்பு தமிழ் நேசனில் வேலை பார்த்தவர். அவரைப் பிடித்து நாடு கடத்தினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. துரையின் காருக்கு முன்னால் முதல் தடவையாக இறங்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டே போன தொழிலாளியின் பெயர் எங்கும் இல்லை. இப்படி ஒருவர் உங்கள் கதையில் வந்தால் 'பெயர் கிடைக்காத ஒருவர்' என்று எழுதலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நீளம் 700, 800 சொல் போதும். மலர்க் குழு நான்கு பக்கம் கேட்டால் இரண்டு பக்கத்துக்குப் படம் போடச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: பெரும்படை. மரியாதை செய்வது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்களுக்கு இதில் பயிற்சி தேவையில்லை. மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் தானாக வந்துவிடும். டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் தலைமை தாங்குவார். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அதியமானுக்குக் கல் நட்டு, பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளைப் படைத்தபோது ஔவையார் கேட்டார்: மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா? புறநானூறு 232. உங்கள் நாயகர் உயிரோடு இருந்தால், மேடையில் பொன்னாடை அவருக்கு வேண்டுமா என்று முன்னதாகவே தனியாகக் கேளுங்கள். சிலர் கூச்சப்படுவார்கள். சிலருக்கு உள்ளூர ஆசையும் இருக்கும், அதுவும் நியாயம்தான். வேண்டாம் என்றால் அவர் காப்பாற்றிய பிள்ளைகளில் ஒருவரை அழைத்துப் பேச வைப்பது போதும். படம் போடும்போது பின்னால் நிற்பவர்கள் பெயரையும் இடமிருந்து வலமாக எழுதிவிடுங்கள். முப்பது வருஷம் கழித்து அந்த வரிதான் யாருக்காவது தேவைப்படும்.

ஆறாம் படி: வாழ்த்தல். அடுத்தவர் கைக்குப் போகச் செய்வது

வாழ்த்துரையில் அளவு தெரிய வேண்டும். கணியன் பூங்குன்றனார் 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று பாடினார். 'யாதும் ஊரே' என்ற முதல் வரியை நம் மேடைகளில் எல்லோரும் சொல்வார்கள், இந்தக் கடைசி வரிகள் வருவதற்குள் கைதட்டல் முடிந்துவிடும். நாயகரைத் தலைமேல் தூக்கி வைப்பதற்குப் பக்கத்தில் இருப்பவர்களைச் சின்னவர்களாக்க வேண்டியதில்லை. "இவர் மட்டும் இல்லையென்றால் இந்தக் கோயிலே இல்லை" என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுங்கள். செங்கல் சுமந்தவர்களின் பிள்ளைகளும் மலரைப் படிப்பார்கள்.

அப்புறம் நடைமுறை வேலைகள். அச்சுக்குப் போகும் முன் குடும்பத்தாரிடமும், பேட்டி கொடுத்த ஒவ்வொருவரிடமும் வரைவைப் படித்துக் காட்டுங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்கு வாட்சப்பில் குரலாகப் பதிந்து அனுப்பலாம். உயிரோடு இருப்பவர்களின் நோய், கடன், குடும்பத் தகராறு போன்றவற்றை அவர்கள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். நாயகரின் குறை வேறு, மற்றவர்களின் அந்தரங்கம் வேறு. ஒலிப்பதிவை அழிக்காதீர்கள். பேசியவர் பெயர், தேதி, இடம் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள்.

மலர் அச்சானதும் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் அச்சிட்டு வெளியிடும் நூலின் 5 பிரதிகளை வெளியீட்டாளர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். கோயில் மலர்தானே, பள்ளி மலர்தானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மீதிப் பிரதிகளைச் செயலாளர் வீட்டு ஸ்டோர் ரூமில் கரையான் தின்றுவிடுகிறது. வெளியீட்டு விழா முடிந்த மறுநாளே 5 பிரதிகளைத் தனியாகக் கட்டி, குழுவில் இளையவர் ஒருவர் கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆறாவதை, பாட்டி அன்று தூக்கிய பிள்ளைகளில் யார் இன்னும் இருக்கிறாரோ அவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அச்சில் இருப்பதைப் படித்துவிட்டு அவர் இன்னும் நான்கு விஷயம் சொல்லக்கூடும், பேனாவும் கொண்டுபோங்கள்.